பதிவிடத் தெரிந்தவர்களுக்கு எதைக் கற்பிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பதுளைப் பக்கத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். இறுதியாண்டு மாணவர்களுக்கும் பட்டப்பின் ஆய்வாளர்களுக்கும் சமூக ஊடகம் பற்றி அரைநாள் பயிற்சிப் பட்டறை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும் அந்தப் பிள்ளைகள் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள். அவர்களுக்கு நான் எதைத்தான் சொல்லிக்கொடுப்பது, ஐயா?

பதில்: செயலியை எப்படி இயக்குவது என்பதற்கு ஒரு நிமிடம்கூடச் செலவிடாதீர்கள்; உள்ளுக்குள் சிரிப்பார்கள். ஆய்வு செய்பவர் தம்மைத் தேடுவோர் கண்ணில் சரியாகப் படுவதும், தாம் கண்டறிந்ததைத் துறைக்கு வெளியே இருப்பவருக்கு விளங்கும்படி எழுதுவதும் டிக்டொக்கில் பழகி வருபவை அல்ல. அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டாலே அரைநாள் போதாது.

முதலில் ஒவ்வொருவரும் தம் பெயரைக் கூகுளில் தேடட்டும். மலையகப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாகத் தொடங்கிக் கவலையில் முடியும். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பாடசாலைச் சான்றிதழில் மூன்றாவது என்று ஒரே ஆள் மூன்று பேராக அலைவது நம் தோட்டங்களில் புதிதல்ல. பெயரில் ஒரு ழகரம் இருந்துவிட்டால், ஆங்கிலத்தில் அது ஓரிடத்தில் ‘எல்’ ஆகவும் மற்றோரிடத்தில் ‘இசட் – எச்’ ஆகவும் உருமாறும். போதாக்குறைக்கு, நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். ஆய்விதழின் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கிறது. மாணவி அந்த நேரத்தில் தோன்றியதை நிரப்பிவிடுகிறாள். கடைசியில் ஒரு கட்டுரை அவள் பெயரிலும் அடுத்த கட்டுரை அவளுடைய அப்பா பெயரிலும் கிடக்கின்றன. இந்தக் குழப்பத்துக்காகவே 2012 முதல் ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் ஆய்வாளர்களுக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. பெயரின் வடிவம் மாறினாலும், திருமணத்துக்குப் பின் பெயரே மாறினாலும், அந்த எண் மாறுவதில்லை. பட்டறையிலேயே ஆளுக்கொன்று பெற்றுக்கொள்ளட்டும். இனி ஆங்கிலத்தில் தம் பெயரை எழுதப்போகும் ஒரே வடிவத்தையும் அன்றே முடிவு செய்து, கூகுள் ஸ்கொலர், லிங்க்ட்இன், ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளைப் பகிரும் ரிசேர்ச்கேட் எல்லாவற்றிலும் அதையே இடட்டும்.

எஞ்சிய நேரம் முழுவதையும் எழுத்துக்குக் கொடுங்கள். தம் ஆய்வைத் தமிழில் ஐந்து வாக்கியங்களில், தோட்டத்தில் இருக்கும் தம் அம்மாவுக்குச் சொல்வதுபோல, ஒவ்வொருவரும் எழுத வேண்டும். (இந்தப் பயிற்சியில் மாணவர்களைவிட விரிவுரையாளர்களுக்கே அதிகம் வியர்க்கிறது என்பதைக் கண்டிருக்கிறேன்.) தேயிலையின் கொப்புள நோயை ஆராயும் மாணவர் ஒருவர், ‘ஈரப்பதன் சார்ந்த பூஞ்சைத் தொற்றின் பரவற்பாங்கு’ என்று தொடங்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அடித்துவிட்டு, ‘மழையும் பனிமூட்டமும் விடாமல் தொடரும் நாட்களில், இளங்கொழுந்தில் எண்ணெய் பட்டதுபோல வட்டப் புள்ளிகள் விழுவதையும், பிறகு இலையின் அடியில் அவை வெள்ளையாக உப்புவதையும் கொழுந்து எடுக்கும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்’ என்று தொடங்கச் சொல்லுங்கள். 1946இல் இந்த நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்ட நோய் அது என்பதை இரண்டாவது வாக்கியத்தில் சொல்லலாம். தாம் கண்டறிந்தது என்ன என்பது மூன்றாவதற்குள் வந்துவிட வேண்டும். நான்காவது வாக்கியத்தில்தான் நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும்: ‘ஒரே தோட்டத்தில், ஒரே பருவத்தில் பார்த்தது’ என்ற உண்மை அங்கே இருக்கிறதா? ஆய்வேட்டில் கவனமாக எழுதப்படும் அந்த வரிதான், முகநூலுக்கு வரும்போது முதலில் காணாமற்போகிறது. ஐந்தாவது வாக்கியம் முழுக் கட்டுரைக்குச் செல்லும் இணைப்பு.

எக்ஸ் தளத்தில் இடுவதாயின் வேறொரு கணக்கும் உண்டு. இலவசக் கணக்குக்கு அங்கே 280 குறிகள்தாம். தமிழில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கால், கொம்புகளும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ‘கொழுந்து’ நமக்கு நான்கெழுத்து. அங்கே 8 இடங்களைப் பிடிக்கும். ஆங்கிலப் பதிவைத் தமிழாக்கினால் இடம் பற்றாது, தமிழிலேயே சுருங்கச் சொல்லப் பழக வேண்டும்.

கேள்வி: தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு பற்றி ஆய்வு செய்கிறேன். துரை (தோட்ட நிர்வாகி) அனுமதி தந்துவிட்டார். லயங்களில் (வரிசை வீடுகளில்) எடுத்த படங்களை, முகங்களை மங்கலாக்கி, முகநூலில் இடலாமா? – ஹட்டனிலிருந்து ஓர் ஆய்வு மாணவி

பதில்: துரை தந்தது தோட்டத்துக்குள் நுழைவதற்கான அனுமதி, மகளே. படத்தில் இருப்பவருடைய சம்மதத்தை அவரால் தர முடியாது. ஆய்வுக்கென்று நீங்கள் ஒப்பம் வாங்கியிருந்தாலும் அது ஆய்வேட்டுக்கானது. ஊரே பார்க்கும் பதிவுக்கு மறுபடியும் கேட்க வேண்டும்.

முகத்தை மங்கலாக்குவது போதும் என்று நானும் ஒருகாலத்தில் நம்பியிருந்தேன். மழையில் ஒழுகும் லயக் காம்பரா (வீட்டு அறை) ஒன்றின் படத்தை, ஆள் முகம் எதுவுமே இல்லாமல், நல்லெண்ணத்துடன்தான் பதிவிட்டேன். ஒழுகும் தண்ணீருக்கு வைத்திருந்த சிவப்புப் பேசினையும் சுவரில் தொங்கிய பழைய கலண்டரையும் பார்த்தே அது யார் வீடு என்று அந்தத் தோட்டப் பிரிவில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள், வேலைக்குப் பிரித்து அனுப்பக் கூட்டும் பெரட்டில் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, வெளியாளிடம் என்ன சொன்னாய் என்று விசாரித்திருக்கிறார்கள். நான் பதிவை நீக்குவதற்குள் படம் வட்ஸ்அப்பில் மூன்று தோட்டம் தாண்டிவிட்டது.

ஆகவே, இடப்போகும் படத்தையும் அதன் கீழ் வரும் வரிகளையும், வெளியிடும் முன்பே, உங்கள் தொலைபேசியில் அவர்களுக்குக் காட்டுங்கள். வாசிக்கச் சிரமப்படுவோருக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். யார் யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லி, ஒரு நாள் அவகாசம் கொடுத்துக் கேளுங்கள். நேருக்கு நேர் ‘வேண்டாம்’ என்று சொல்ல நம் சனங்களுக்குக் கூச்சம் அதிகம். ‘ஐயோ, அதுக்கென்ன’ என்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) இருக்கும் குழந்தைகளின் படங்கள் எந்த நிலையிலும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்; அது தமிழிலும் உண்டு.

கேள்வி: ஆய்விதழில் வந்த என் கட்டுரையின் பீடிஎஃப்பை ரிசேர்ச்கேட்டில் ஏற்றலாமா? – பேராதனை

பதில்: பதிப்பகத்துடன் நீங்கள் ஒப்பமிட்ட உடன்படிக்கையைப் பாருங்கள். பிறர் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில், யாரும் இலவசமாக வாசிக்கும்படி திறந்த அணுக்கமாக வந்த கட்டுரையைத் தயங்காமல் பகிரலாம். மற்றவற்றில், பதிப்பகம் வடிவமைத்த இறுதிப் பக்கங்களைப் பகிர்வதற்குப் பெரும்பாலும் தடை இருக்கும். மதிப்பாய்வுக்குப் பின் ஏற்கப்பட்ட உங்கள் சொந்தக் கையெழுத்துப்படியைப் பல பதிப்பகங்கள் சில நிபந்தனைகளுடன் அனுமதிக்கின்றன. இந்த விவகாரம் சிறியதன்று: இரண்டு பெரும் பதிப்பகங்கள் 2017இல் ரிசேர்ச்கேட்டுக்கு எதிராக வழக்குத் தொடுத்து, 2023இல்தான் அது இணக்கத்துக்கு வந்தது. ஒவ்வோர் இதழின் நிபந்தனையையும் முன்பு ஷெர்பா ரோமியோ என்று அழைக்கப்பட்டு, இப்போது ஓப்பன் பொலிசி ஃபைண்டர் என்ற பெயரில் இயங்கும் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

கேள்வி: மாணவர்களின் பதிவுகளுக்குக் கிடைக்கும் லைக்குகளை வைத்துப் புள்ளி போடலாமா? – நுவரெலியா

பதில்: கூடாது. சொந்தக்காரர்கள் அதிகம் உள்ள மாணவர்தான் முதலாவதாக வருவார். பதிவின் கீழ் யாராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால், அதற்கு மாணவர் எழுதிய பதிலை எடுத்துத் திருத்திப் புள்ளி போடுங்கள். கேள்வியே வராவிட்டால் அதை நீங்களே கேளுங்கள்.