வெளிநாட்டுச் சுற்றுலாவில் இருக்கும்போது பெற்றோருக்குத் திடீரென நெஞ்சுவலி வந்தால் என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல முடியுமா?

ஐரோப்பியக் குழுச் சுற்றுலாவில் பாரிஸ் போயிருந்தபோது என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. வயது 68, சர்க்கரை நோய் உண்டு. ஆகவே பிரான்ஸை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். நாட்டுக்கு நாடு தொலைபேசி எண்ணும் படிவமும் மாறும். நம் வீட்டு மனிதர்களின் சுபாவம் மாறாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயுத் தொல்லைதான், ஈனோ குடித்தால் போய்விடும் என்றார். அம்மா பையில் பெருங்காயத்தைத் தேடினார். சுற்றுலா மேலாளருக்கு மறுநாள் காலை சுவிட்சர்லாந்துக்குக் கிளம்ப வேண்டிய பஸ் பற்றிய கவலை. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றார். மூவருக்கும் உள்ளூர ஒரே எண்ணம்: செலவு வைத்துவிடக் கூடாது, பயணம் கெட்டுவிடக் கூடாது. வேர்த்துக் கொட்டுகிறது, வலி தாடை வரை ஏறுகிறது என்று ஒருவர் சொல்லும்போது சுற்றியிருப்பவர்களிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

பிரான்ஸில் மருத்துவ அவசரத்துக்கு 15. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 112. (சிங்கப்பூரில் 995, தாய்லாந்தில் 1669, இலங்கையில் 1990. போகும் நாட்டின் எண்ணை விமானம் ஏறும் முன்பே போனில் பதிந்துகொள்ளுங்கள்.) 15-ஐ அழைத்தால் முதலில் முகவரி கேட்பார்கள், பிறகு ஒரு மருத்துவரே தொடர்பில் வருவார். பாரிஸ் முகவரியில் அஞ்சல் குறியீட்டை விடாமல் சொல்லுங்கள். 75010 என்றால் பத்தாவது வட்டாரம் என்று உடனே புரிந்துகொள்வார்கள். விடுதி வரவேற்பாளரைப் பேசச் சொல்வது நல்லதுதான், ஆனால் கீழே மேசையிலிருந்து பேசவிடாதீர்கள். அறைக்கு அழைத்து வந்து, நோயாளியின் பக்கத்தில் நின்று பேசச் செய்யுங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

வந்த வண்டியில் மருத்துவரும் இருந்தார். அறையிலேயே ஈசிஜி எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், யாரிடமோ பேசினார்கள். எனக்கோ பதற்றம். நம் ஊரில் 108 வந்தால் தூக்கிப் போட்டுக்கொண்டு பறக்கும். இவர்கள் ஏன் நின்றுகொண்டே இருக்கிறார்கள்? அங்கே வழக்கம் அப்படி. சிகிச்சையை நோயாளி இருக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள், எந்த மருத்துவமனை என்பதையும் அப்போதே முடிவு செய்கிறார்கள். அதனால்தான் அப்பா அவசரப் பிரிவின் வரிசையில் காத்திருக்காமல் நேராக ஆஞ்சியோ அறைக்குப் போனார். அன்றிரவே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அவர்களைத் துரிதப்படுத்தாமல், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை நீட்டுவதுதான் நாம் செய்யக்கூடிய உதவி. அதிலும் நம் ஊர் வணிகப் பெயர் உதவாது. ஈகோஸ்ப்ரின் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது. ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் என்றால் தெரியும். கிளைக்கோமெட் அல்ல, மெட்ஃபார்மின்.

உடம்பை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் நம் தலையில். அம்மா அப்பாவின் அருகில், நான் போனும் காகிதமுமாக வெளியில் என்று முதல் இரவே பிரித்துக்கொண்டோம். இரண்டையும் ஒருவரே செய்ய முயன்றால் இரண்டும் கெடும். குழு மறுநாள் கிளம்பிவிட்டது. அதற்கு முன் எங்கள் கடவுச்சீட்டுகளை மேலாளரிடமிருந்து கேட்டு வாங்கினேன். சில குழுக்களில் எல்லோருடையதும் அவர் பையில்தான் இருக்கும், மறந்தால் அவையும் ஆல்ப்ஸ் மலைக்குப் போய்விடும்.

ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லோரிடமும் பாலிசி இருக்கும். படித்தவர்தான் இருக்க மாட்டார். அதில் அச்சிட்டிருக்கும் 24 மணி நேர உதவி எண்ணை அன்றிரவே அழைத்து, காப்பீட்டுக் கோரிக்கை (கிளெய்ம்) எண் வாங்கிவிடுங்கள். செலவை ஏற்பதாக அவர்கள் மருத்துவமனைக்கு நேரடியாக ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். மருத்துவமனையின் சேர்க்கை அலுவலகம் தினமும் கேட்பது அதைத்தான். எங்கள் முகவர் படிவத்தில் ஏற்கெனவே நோய் எதுவும் இல்லை என்று அவராகவே நிரப்பியிருந்தார். சர்க்கரையைச் சொல்லாமல் விடு, கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள் என்று பெரியப்பா போனில் அடித்துச் சொன்னார். நான் சர்க்கரையைச் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன பயன், மருத்துவமனைக் குறிப்பிலேயே மெட்ஃபார்மின் இருக்கிறதே! பல பாலிசிகளில் பழைய நோய்க்குப் பணம் கிடையாது என்றாலும், உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் ஒரு வரம்பு வரை தருவதாக ஒரு பிரிவு இருக்கும். எங்களுக்கு அந்தப் பிரிவின்படிதான் கிடைத்தது.

தூதரகம் பில் கட்டும் என்று நம்பி இருக்காதீர்கள். இந்திய அரசு 2009-இல் தொடங்கிய சமூக நல நிதி, வேறு வழியில்லாமல் தவிக்கும் இந்தியர்களுக்கானது. காப்பீடு உள்ள சுற்றுலாப் பயணிக்குத் தூதரகம் தரக்கூடியது வழிகாட்டுதலும் கடிதமும்.

மருத்துவர்கள் ஆங்கிலம் பேசினார்கள். இரவுச் செவிலியர்கள் அவ்வளவாகப் பேசவில்லை. பாரிஸில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பெல் பகுதி முழுக்க ஈழத் தமிழர்களின் கடைகள். மளிகைக் கடை ஒன்றில் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், "தம்பி, ஐயா எந்த வார்டில்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாலையில் நேரே வந்து நின்றார். செவிலியர் சொல்வதை அவர் தமிழில் சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தில் தெளிவு வந்தது. கூடவே இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். மாரடைப்புக்காரருக்குத் தேங்காய்ப்பாலா என்று அம்மா முறைத்ததால் நாங்கள் இருவருமே சாப்பிட்டு முடித்தோம்.

ஊரில் தகவல் சொல்ல ஒரே ஆளை வையுங்கள். திருச்சியில் இருக்கும் தங்கையிடம் ஒப்படைத்தேன். அன்றிரவே விமானத்தில் ஏற்றிவிடு என்ற யோசனைகள் எல்லாம் அவளோடு நின்றன. அப்படி ஏற்றவும் முடியாது. சிக்கலில்லாத மாரடைப்புக்கே 7 முதல் 10 நாள் போக வேண்டும் என்பது பொதுவான வழக்கம். பறக்கத் தகுதியானவர் என்று மருத்துவர் சான்று தர வேண்டும், விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை நிரப்ப வேண்டும். விசா முடியப் போகிறது என்றால், முடிவதற்கு முன்பே மருத்துவச் சான்றோடு காவல் தலைமையகமான பிரிஃபெக்சருக்குப் போங்கள். தவிர்க்க முடியாத காரணத்துக்குக் கட்டணமின்றி நீட்டிக்க ஷெங்கன் விதியில் இடமுண்டு.

கிளம்பும்போது ஆஞ்சியோ படங்கள் உள்ள குறுந்தகட்டையும் ஸ்டென்ட் அட்டையையும் கேட்டு வாங்குங்கள். அறிக்கை பிரெஞ்சில்தான் இருக்கும், ஆனால் படத்தைப் பார்த்தே திருச்சி மருத்துவர் மேற்கொண்டு சிகிச்சை தொடங்கிவிட்டார். பிரான்ஸின் பொது மருத்துவமனைகளில் கணக்கு முழுவதும் அங்கேயே முடிவதில்லை. விடுபட்ட தொகைக்கு அரசுக் கருவூலத்திலிருந்து பிரெஞ்சில் ஒரு கடிதம் பல வாரம் கழித்து வீட்டு முகவரிக்கு வரலாம். அதை விளம்பரத் தபால் என்று எண்ணிக் கிழித்துவிடாமல், பழைய கோரிக்கை எண்ணைக் குறிப்பிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.