மே மாதத்திலிருந்து பெண்பிள்ளைகள் நின்றுபோனது பற்றி

மாலை நிகழ்ச்சியை முடிக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்தில் பிள்ளைகளுக்கான அந்த நிகழ்ச்சியை 4 முதல் 6 மணி வரை நடத்துவதாகவும், மே மாதத்திலிருந்து 15, 16 வயதுப் பெண்பிள்ளைகள் மட்டும் நின்றுவிட்டதாகவும், நடனம், பரிசு எதைச் சேர்த்தும் பலனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஆர்வம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஜூன் குளிர்காலத்தில் டர்பனில் 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். 6 மணிக்கு விட்டால் இருட்டில் டாக்ஸிக்குக் காத்து நிற்க வேண்டும். எந்த அம்மா அனுப்புவார்?

வருகைப் பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வீட்டுக்கு எப்படிப் போகிறாள் என்று குறியுங்கள்: நடை, டாக்ஸி, வீட்டுக் கார். காரில் போகிறவர்கள் மட்டும் இன்னும் வந்தால் காரணம் பெரும்பாலும் இருட்டுதான். அப்புறம் இரண்டு வாரம் 3 மணிக்குத் தொடங்கி 4.30-க்கு முடித்துப் பாருங்கள். அம்மாக்களுக்கு அந்த நேரத்தை வாட்ஸாப்பில் சொல்லிவிடுங்கள். சொன்னால் சொன்னபடி விட வேண்டும். 'இன்னும் ஒரு பாட்டு' என்று இழுத்தால் அவர்கள் நம்பிக்கை போய்விடும், திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

தன்னார்வலர் காரில் கொண்டுபோய் விடலாம் என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் கீழ் உள்ள தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில், அதாவது குழந்தைகளோடு பணியாற்றத் தகுதியற்றவர்கள் பட்டியலில், அவர் பெயர் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தெரிந்தவர், கோயிலுக்கு வருகிறவர் என்று விட்டுவிட வேண்டாம்.

ஒன்று மட்டும்: பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அக்டோபர், நவம்பரில் நின்றால் அதற்குக் காரணம் மெட்ரிக் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வு. நேரத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.