வாசகர் கேள்வி பதில்: அயல்நாட்டு விலங்குகளை வீட்டில் வளர்க்கத் தடை வேண்டுமா?

மகன் ஆசைப்பட்டானென்று மீன் கடையில் நாணயம் அளவு ஆமைக்குஞ்சு வாங்கினோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறது. இப்போது ஓடு மெத்தென்று இருக்கிறது. வளர்ந்தபின் வாய்க்காலில் விட்டுவிடலாமா? (திருச்சி வாசகி)

விடவே கூடாது. இது அமெரிக்க மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமை. எதையும் தின்னும், வெயில் காயும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நம் நாட்டு ஆமைகளை விரட்டும், நோயையும் பரப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது.

ஓடு மெத்தென்று ஆவதற்குக் காரணம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கடையில் தரும் காய்ந்த இறாலை மட்டும் போட்டால் இதுதான் நடக்கும். ஆமைக்கான குருணைத் தீவனம், கீரை, தொட்டியில் ஒரு துண்டு கணவாய் ஓடு, மூன்றும் வேண்டும். பாலக் கீரையைத் தவிர்த்துவிடுங்கள், அது சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. புற ஊதாக் கதிர் பட்டால்தான் சாப்பிட்ட சத்து எலும்பில் சேரும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால் ஜன்னலோரம் தொட்டியை வைப்பதில் பயனில்லை. காலை இளவெயிலில் வாய் அகன்ற டப்பில் அரை மணி நேரம் வையுங்கள், பாதி டப்புக்கு நிழல் இருக்கட்டும். நிழல் இல்லாவிட்டால் சூடு தாங்காமல் செத்துவிடும். ஓடு இன்னும் இளகினாலோ ஆமை தீனி எடுக்காவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

பெண் ஆமை 25 செ.மீ. வரை வளரும். இருபது, முப்பது ஆண்டு வாழும். அதற்கு 300 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லி விற்றிருந்தால் நீங்கள் வாங்கியிருக்கவே மாட்டீர்கள்! இன்னொன்று: ஆமையின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கும். குழந்தைகளுக்குத் தொற்றியதால்தான் அமெரிக்காவில் 1975 முதல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்கத் தடை. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வாங்கினேன், ரசீதுகூட இல்லை. சட்டப்படி குற்றமா? (கோவை வாசகர்)

காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் என்னும் உலக ஒப்பந்தத்தில் இந்தக் கிளி 2017 முதல் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குத் தந்த ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டதால், பதிவில்லாமல் வைத்திருப்பது சட்டமீறல்தான். ஆகவே மறைத்து வைக்காமல், கால் வளைய எண், புகைப்படம், வாங்கிய விவரம் ஆகியவற்றோடு மாவட்ட வன அலுவலகத்தை உடனே அணுகுங்கள்.

வெறும் சூரியகாந்தி விதை போடாதீர்கள். இந்த இனத்துக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வலிப்பே வரும். நான்ஸ்டிக் சட்டி அளவுக்குமீறிச் சூடேறினால் வரும் புகை சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். கூண்டு சமையலறைப் பக்கமே இருக்கக்கூடாது.

மொத்தமாகத் தடை செய்துவிட்டால் தீராதா? (மதுரை வாசகர்)

விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் ஒவ்வோர் இனமாகப் பெயர் சொல்லித் தடுத்தால் வியாபாரம் அடுத்த இனத்துக்குத் தாவும். சுகர் கிளைடர் என்னும், மரத்துக்கு மரம் சறுக்கித் தாவும் சிறு பாலூட்டி சைட்டஸ் பட்டியலில் இல்லை, அதனால் பதிவு விதிக்குள்ளும் வராது. நெதர்லாந்து 2024 ஜூலையில் இதைத் தலைகீழாக்கியது: பாலூட்டிகளில் வளர்க்கத் தகுந்த 30 இனங்கள் மட்டும் பட்டியலில், மற்றவை கூடாது. பெல்ஜியம் அதற்கு முன்பே இந்த வழிக்கு வந்துவிட்டது. நமக்கும் அதுவே சரி. பல தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகிய பட்ஜி, காக்கட்டீல் போன்ற சிறு கிளிகள் அப்பட்டியலில் இருக்கலாம். மலைப்பாம்பும் இகுவானா என்னும் பெரிய பல்லியும் வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றைப் பறிக்காமல், இனப்பெருக்கமும் கைமாற்றமும் இன்றி ஆயுள்வரை வைத்துக்கொள்ள விடவேண்டும். பறித்தால் பயந்து ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

பச்சைக்கிளி நம் ஊர்ப் பறவைதானே, அதை வளர்க்கலாமா? (தேனி வாசகி)

கூடாது. பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் நம் நாட்டுக் காட்டுயிர்கள், வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இறக்கை வெட்டிய கிளியைத் திறந்துவிட்டால் பூனைக்கு இரையாகும். வன அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.