மொரீஷியஸில் கிராம சபை உறுப்பினராக ஏன் ஆசைப்படுகிறார்கள்? பணமும் இல்லை, அதிகாரமும் இல்லையே?

பணத்துக்காக இல்லை என்பது சரிதான், கிடைப்பது சின்னப் படித்தொகை. அதிகாரமும் குறைவுதான். 2011 உள்ளாட்சிச் சட்டப்படி ஒவ்வொரு கிராம சபையிலும் 9 பேர். அவர்கள் தங்களுக்குள் ஒருவரை மாவட்ட சபைக்கு அனுப்புகிறார்கள். பம்பிள்முஸ், ஃபிளாக், சவான் என்று அப்படி 7 மாவட்ட சபைகள். குப்பை வண்டி, தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் மாவட்ட சபை கையில்.

அப்படியானால் கிராமத்து உறுப்பினர் என்னதான் செய்கிறார்? தெருமுனை விளக்கு எரியவில்லை என்று இரவு 8 மணிக்குக் கதவைத் தட்டினால், மறுநாள் மாவட்ட அலுவலகத்தில் போய் நிற்பவர் அவர்தான். மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாரச் சொல்லிக் கேட்பதும் அவர். பெரிய கட்சிகள் பொதுவாகச் சொந்தப் பெயரில் இறங்குவதில்லை. அதனால் ஜெயிப்பது சின்னத்தால் அல்ல, முகத்தால். என் சித்தப்பா ஒருமுறை நின்று தோற்றார். கோயில் காவடிக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டவருக்கே ஓட்டு விழுந்ததாம்! இன்றும் வருத்தம் தீரவில்லை.

எல்லோரும் சேவைக்காகத்தான் வருகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு இது நாடாளுமன்றத்துக்கு முதல் படி, சிலருக்கு ஊரில் மரியாதை. ஆனால் 2012க்குப் பிறகு அடுத்த தேர்தல் 2020 நவம்பரில்தான் நடந்தது. வெறும் மரியாதைக்காக வந்தவர் அத்தனை வருடம் பக்கத்து வீட்டுக்காரரின் புகாரைக் கேட்டுக்கொண்டிருப்பது கஷ்டம்.