மெடிக்கல் கவுண்டர்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: சார், என் பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டு டி.பார்ம் தான் சேருவேன்னு நிக்கிறான். மாத்திரை எடுத்துக் குடுக்க ஒரு படிப்பான்னு சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க. கொரோனா டைம்ல கடையைத் திறந்து வெச்சிருந்தவரு நீங்க. உங்க வேலையைப் பத்தி அப்போ உங்களுக்கு என்னதான் தோணுச்சு?
- வாசகி, பண்ருட்டி

பதில்: சேர்த்து விடுங்கம்மா. சிரிக்கிறவங்களும் 2020ல ஏதோ ஒரு மெடிக்கல் வாசல்ல சுண்ணாம்பு வட்டத்துக்குள்ள நின்னவங்கதான்.

மார்ச் 25ல லாக்டவுன் வந்ததும் இங்க மஞ்சக்குப்பத்துல நிறைய கிளினிக் மூடிட்டாங்க, மே மாசம் கோயம்பேட்டுல இருந்து வந்தவங்களால கடலூர்ல கேஸ் ஏறுச்சு பாருங்க அப்போ கேக்கவே வேணாம், காய்ச்சல்னா ஜனங்க நேரா வந்து நின்னது எங்க கவுண்டர்லதான். நல்ல கல்லான்னு வெளிய பேசிக்கிட்டாங்க. 3 ப்ளை மாஸ்க் 10 ரூபா, 200 மில்லி சானிடைசர் 100 ரூபான்னு கவர்மென்ட் ரேட் கட்டிட்டாங்க, எங்களுக்கு சரக்கு வந்ததே அந்த ரேட்டுக்கு மேல, திட்டு மட்டும் ஃப்ரீ.

அப்போ எனக்கு தெளிவா தெரிஞ்சது ஒண்ணு, எங்க வேலையில பாதி "தர முடியாதுங்க"ன்னு சொல்றது. கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின்னு டிவில பேர் அடிபட்டதும் பத்து ஸ்ட்ரிப் குடுங்கன்னு கார்ல வந்து நின்னாங்க. அது முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கற நோய்) தினமும் போடற மாத்திரைங்க, வருஷக்கணக்கா அதை நம்பி இருக்கற ஒரு அக்காவுக்கு இல்லாம போயிடும். மார்ச் 26ல அதை ஹெச்1 லிஸ்ட்ல, அதாவது டாக்டர் சீட்டு இருந்தா மட்டும் கணக்கு எழுதி விக்கணும்ங்கற லிஸ்ட்ல போட்டாங்க, டாக்டர் பேர் பேஷன்ட் பேர் எத்தனை மாத்திரை எல்லாம் தனி ரெஜிஸ்டர்ல எழுதி 3 வருஷம் வெச்சிருக்கணும், மறுக்க எங்களுக்கும் ஒரு பிடி கிடைச்சுது. ஜூன்ல டெக்சாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்து கொரோனால உயிரைக் காப்பாத்துதுன்னு ஆராய்ச்சி வந்துச்சு. ஆக்சிஜன் வெக்கிற அளவுக்கு போனவங்களுக்குத்தான் பலன், மத்தவங்களுக்கு இல்ல, சுகரும் ஏறும், ஆனா வாட்ஸ்அப்ல முதல் பாதி மட்டும்தானே ஓடும்! அதை நின்னு விளக்கணும், பின்னாடி லைன் கத்தும்.

யாரும் பார்க்காத வேலை இன்னொண்ணு இருக்கு. பாண்டிச்சேரிக்குப் போற முள்ளோடை பார்டர் மூடினதும் அங்க ஜிப்மர் ஆஸ்பத்திரில மாசாமாசம் மாத்திரை வாங்கற நம்ம ஊர்க்காரங்க இந்தப் பக்கமே மாட்டிக்கிட்டாங்க. பழைய சீட்டோட வருவாங்க, அந்த பிராண்ட் சப்ளை இருக்காது, அதே மருந்து வேற கம்பெனில இருக்கா, சுகர் மாத்திரை மெட்ஃபார்மின்னா சாதாவா, மெதுவா கரையற எஸ்ஆரா, டாக்டருக்கு போன் போட்டு கேட்டு, அவர் வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பி, அப்புறம்தான் கையில குடுக்க முடியும். இதுக்குத்தாம்மா அந்த ரெண்டு வருஷப் படிப்பு. கொரோனாவை விட சுகர் பிரஷர் மாத்திரை நின்னு போயிடுமோன்னுதான் எனக்கு பயம் ஜாஸ்தி.

மனசுல இருக்கறதையும் சொல்லிடறேன், ஹெல்த் ஒர்க்கர்ஸுக்கு 50 லட்சம் இன்சூரன்ஸ் அறிவிச்சாங்க, தனியார் மெடிக்கல்ல நின்னவங்க அதுல வரல. கை தட்டினப்ப எங்களையும் சேர்த்துத் தட்டினாங்களான்னு தெரியல. பையன் கிட்ட இதையும் சொல்லியே அனுப்புங்க.

கேள்வி: கொரோனா அப்போ வாங்கின அசித்ரோமைசின் அலமாரில கிடக்கு, சளிக்கு போடலாமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேணாங்க. எக்ஸ்பைரி தாண்டியிருக்கும், தாண்டலைன்னாலும் அது பாக்டீரியாவைக் கொல்ற ஆன்டிபயாடிக், வைரஸ் சளிக்கு கேக்காது, கொரோனாவுக்கே பலன் இல்லைன்னு 2021லயே ஆராய்ச்சில சொல்லிட்டாங்க. பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தா மட்டும் வெச்சுக்குங்க, பேட்டரியக் கழட்டிடுங்க, லீக் ஆகி கெட்டுப் போயிடும்.