டெட்ராய்ட் பள்ளிகள்: மதிப்பெண் ஏன் குறைவு, பணம் எங்கே போனது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டெட்ராய்ட் நகரப் பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடலாம். அமெரிக்காவில் ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்றால் கலெக்டர் இருக்கும் நம் ஊர் மாவட்டம் இல்லை. ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு அது. அதற்குத் தனி போர்டு, தனி பட்ஜெட், தனிக் கடன். அந்தக் கடனை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி (நோவை நகரிலிருந்து ஒரு தாய்): அக்கா, டெட்ராய்ட் பிள்ளைகளின் மதிப்பெண் நாட்டிலேயே கடைசி என்கிறார்களே, உண்மையா? அவ்வளவு மோசமாகவா சொல்லிக்கொடுக்கிறார்கள்?

உண்மைதான். நேப் என்ற தேசியத் தேர்வில் 2009-இல் டெட்ராய்ட் பிள்ளைகள் கணக்கில் வாங்கியது அந்தத் தேர்வின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த மதிப்பெண். அதற்குப் பிறகும் பெருநகரங்களின் பட்டியலில் அடிமட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணைப் பார்த்துப் பிள்ளைகளை எடைபோடாதீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பின்னக் கூட்டலில் மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி ‘ஏழில் இரண்டு’ என்று எழுதியிருந்தான். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டான். பக்கத்தில் உட்கார வைத்து, “ஏழில் இரண்டு பெரியதா, மூன்றில் ஒன்று பெரியதா?” என்று கேட்டேன். ஒரு தாளைக் கோடு போட்டுப் பிரித்துப் பார்த்தான். சட்டென்று நிமிர்ந்து, “கூட்டினதுக்கு அப்புறம் குறைஞ்சுபோச்சே!” என்றான். பத்தே நிமிடம். அதற்குப் பிறகு அந்தத் தவறை அவன் செய்யவே இல்லை.

அவனுக்கு அறிவு குறைவா? இல்லை. பகுதியைச் சமமாக்கச் சொல்லிக்கொடுத்த இரண்டு நாளும் அவன் பள்ளிக்கு வரவில்லை. தங்கைக்கு ஆஸ்துமா, அம்மாவுக்கு விடியற்காலை ஷிஃப்ட். தங்கைக்கு மூச்சு இரைத்தால் அண்ணன் வீட்டில்.

பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ, அதாவது ஏறக்குறைய 18 நாள், வராத பிள்ளையை ‘நாள்பட்ட வருகைக் குறைவு’ என்று கணக்கில் எடுப்பார்கள். 2021-22-இல் டெட்ராய்டில் அந்தக் கணக்கில் வந்தவர்கள் ஏறத்தாழ 77 சதவீதம். நான்கில் மூன்று பங்கு பிள்ளைகள்! கோவிட் தனிமைப்படுத்தல் அதை ஊதிவிட்டது என்றாலும், 2023-24-இலும் 66 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. பாடம் நடக்கும் நாளில் பிள்ளை இல்லையென்றால் எந்த டீச்சரால் என்ன செய்ய முடியும்?

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு பொருளாதார மாணவர்): மேடம், அமெரிக்காவில் உள்ளூர் சொத்து வரியில்தான் பள்ளி நடக்கிறது, ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளி என்று படித்தேன். டெட்ராய்டும் அப்படியா?

பாதி சரி. டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலம் 1994-இல் ‘ப்ரொபோசல் ஏ’ என்ற திட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் கொண்டுவந்தது. வீட்டுச் சொத்து வரியைக் குறைத்து, விற்பனை வரியை 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயர்த்தி, ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலமே கொடுக்கத் தொடங்கியது. 2023-24-இல் அந்த அடிப்படைத் தொகை தலைக்கு 9,608 டாலர். பணம் பிள்ளையின் பின்னால் போகும். பிள்ளை வேறு பள்ளிக்கு மாறினால் பணமும் மாறிவிடும்.

கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து 25 பேர் போகிறார்கள். 2,40,200 டாலர் போயிற்று. அந்த 25 பேரும் ஒரே வகுப்பிலிருந்து போகவில்லை, வகுப்புக்கு ஒருவர் இருவராகப் போனார்கள். ஒரு டீச்சரைக்கூடக் குறைக்க முடியாது. பாய்லர் அதே அளவு எரிய வேண்டும், கூரை அதே கூரை. வரவு குறைந்தது, செலவு குறையவில்லை. இதையே இருபது முப்பது வருடம் தொடர்ந்து நடத்துங்கள்: 1966-இல் ஏறத்தாழ 3 லட்சம் பிள்ளைகள் படித்த டிஸ்ட்ரிக்டில் இன்று 50,000-ஐ ஒட்டித்தான் இருக்கிறார்கள். 2000-க்குப் பிறகு மட்டும் ஏறக்குறைய 200 பள்ளிகளை மூடினார்கள்.

அக்டோபர் முதல் புதன்கிழமை ‘கவுன்ட் டே’. அன்று வகுப்பில் இருக்கும் தலைகளை எண்ணித்தான் வருடப் பணத்தில் பெரும்பங்கு வரும். மிச்சம் பிப்ரவரி கணக்கில். எங்கள் பள்ளியில் அன்று பீட்ஸா உண்டு. காலையிலேயே அலுவலகத்தில் எல்லாருமாக உட்கார்ந்து, வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக போன் போடுவோம். நம்பர் மாறியிருக்கும், வீடே மாறியிருக்கும். ஒருமுறை ஒரு பாட்டி, பேத்தியை நைட்டியோடு கோட் போட்டுக் கூட்டிவந்து நிறுத்தினார். நான் அந்தப் பெண்ணுக்கு முதலில் பீட்ஸா கொடுத்தேன், பிறகுதான் பெயரை டிக் அடித்தேன்.

நீங்கள் சொன்ன மற்ற பாதிக்கு வருகிறேன். கட்டடம் கட்டவும் பெரிய பழுது பார்க்கவும் மாநிலம் பொதுவாகத் தனிப் பணம் தராது. ஊர் மக்கள் வாக்களித்துச் சொத்து வரியை அடகு வைத்துக் கடன் வாங்க வேண்டும். வீட்டு விலை உயர்ந்த புறநகருக்கு அது சுலபம். காலி மனைகள் நிறைந்த நகரம் அதே தொகையைத் திரட்ட எவ்வளவு வரி போட வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள் அக்கா, பணத்தைத் தின்றுவிட்டார்கள், அதனால்தானே கடன்?

ஊழல் வழக்குகள் நடந்தன, தண்டனையும் கிடைத்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடனின் அளவை அதை வைத்து விளக்க முடியாது. யார் கையில் சாவி இருந்தது என்று பாருங்கள். 1999-இல் மாநில அரசு, மக்கள் தேர்ந்தெடுத்த போர்டை ஒதுக்கிவிட்டு நிர்வாகத்தை நியமன போர்டிடம் கொடுத்தது. அப்போது கையிருப்பில் 9 கோடி டாலருக்கு மேல் உபரி இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ஊராரிடம் திருப்பிக் கொடுத்தபோது இருந்தது பற்றாக்குறை. மறுபடி 2009-இல், பண நிர்வாகத்தைக் கையில் எடுக்க ‘எமர்ஜென்சி மேனேஜர்’ என்று ஒருவரை மாநிலம் அனுப்பியது. ராபர்ட் பாப், ராய் ராபர்ட்ஸ், ஜாக் மார்ட்டின், டார்னெல் எர்லி என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பள்ளிகளை மூடினார்கள், சம்பளத்தை வெட்டினார்கள், கடனும் வாங்கினார்கள். பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்ததால் வெட்டியது எதுவும் போதவில்லை.

2016 ஜனவரி 20 அன்று டீச்சர்கள் கூட்டமாக உடல்நல விடுப்பு எடுத்து 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. பூஞ்சை படிந்த சுவர், ஒழுகும் கூரை, எலி எல்லாம் படமாக நாடு முழுக்கப் போனது. அன்று அதிபர் ஒபாமா கார் கண்காட்சிக்காக இதே நகரத்தில் இருந்தார். அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் 61.7 கோடி டாலர் ஒதுக்கி, டிஸ்ட்ரிக்டை இரண்டாகப் பிரித்தது. பழைய டிஸ்ட்ரிக்ட் வரி வசூலித்துக் கடனை அடைப்பதற்கு மட்டும் பெயரளவில் நிற்கும். பிள்ளைகளும் டீச்சர்களும் புதிய டிஸ்ட்ரிக்டுக்குப் போவார்கள். என் கருத்தைக் கேட்டால், அது உதவி இல்லை, மாநிலம் தான் பட்ட கடனில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தது.

கேள்வி (டிராய் நகரிலிருந்து): சார்ட்டர் பள்ளிகள் வந்தால் போட்டியில் தரம் உயரும் என்றார்களே?

சார்ட்டர் என்றால் அரசுப் பணத்தில், டிஸ்ட்ரிக்டுக்கு வெளியே தனி நிர்வாகம் நடத்தும் இலவசப் பள்ளி. நல்ல சார்ட்டர் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே உழைக்கும் டீச்சர்களை எனக்குத் தெரியும். ஆனால் எங்கே எத்தனை பள்ளி வேண்டும் என்று பார்க்கும் ஓர் ஆள் டெட்ராய்டில் இல்லை. நகரத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சார்ட்டரிலோ புறநகர்ப் பள்ளியிலோ படிக்கிறார்கள். சில தெருக்களில் மூன்று பள்ளி, சில பகுதிகளில் ஒன்றுமே இல்லை. நடுவருடத்தில் பள்ளி மாறி வந்த பிள்ளை, அங்கே இன்னும் தொடங்காத பாடம் இங்கே முடிந்துவிட்டது என்று முழிக்கும். அதை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்த்தேன்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர்): படிக்கக் கற்றுக்கொடு என்று பிள்ளைகளே வழக்குப் போட்டார்களாமே?

ஆமாம், 2016-இல். ஏழு மாணவர்கள். எழுத்தறிவு இல்லாமல் வாக்குரிமைக்கும் பொதுவாழ்வுக்கும் என்ன பொருள் என்பது அவர்கள் வாதம். 2020 ஏப்ரலில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர், அடிப்படை எழுத்தறிவு அரசியலமைப்பு தரும் உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அடுத்த மாதமே ஆளுநர் கிரெட்சன் விட்மர் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார். முழு அமர்வு அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டதால் அது முன்னுதாரணமாக நிற்கவில்லை. ஆனால் சமரசத்தில் சொன்ன 9.44 கோடி டாலர் 2023-இல் மாநில பட்ஜெட்டில் வந்தது. வாசிப்புக்குத் தனி உதவியாளர்களை வைக்க அது உதவியது.

வழக்கறிஞர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: 1974-இன் மில்லிக்கன் எதிர் பிராட்லி தீர்ப்பைப் படியுங்கள். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் கலந்து படிக்க வைக்க, நகரத்தோடு 53 புறநகர் டிஸ்ட்ரிக்டுகளையும் சேர்க்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நிறுத்திவிட்டது. நகரத்தின் வடக்கு எல்லையான எட்டு மைல் சாலை அன்றிலிருந்து பள்ளிக்கும் சுவராகிவிட்டது.

கேள்வி: கோவிட் நிதி கோடிகோடியாக வந்ததே, அதுவும் போயிற்றா?

ஏறத்தாழ 127 கோடி டாலர் வந்தது. அதில் 70 கோடியைக் கட்டடங்களுக்கு ஒதுக்கினார்கள். சிலர் குறை சொன்னார்கள், எனக்கு அது சரியென்றே படுகிறது. 2018-இல் குழாய்த் தண்ணீரில் ஈயமும் செம்பும் இருக்கிறது என்று எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரை நிறுத்த வேண்டியிருந்த ஊர் இது. ஒருமுறை வரும் பணத்தை ஒருமுறை செலவில் போடுவதுதான் விவேகம். சம்பளத்தில் போட்டால் பணம் தீரும் ஆண்டில் ஆளை அனுப்ப வேண்டியிருக்கும். கோடைகால வகுப்பு, செவிலியர் போன்றவற்றுக்காக அமர்த்திய சிலருக்கு அப்படித்தான் ஆனது.

கேள்வி: பள்ளிக்கு வந்தால் 200 டாலர் கொடுக்கிறார்களாமே! இது முறையா?

2025 தொடக்கத்தில் உயர்நிலை மாணவர்களுக்கு, இரண்டு வாரம் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால் 200 டாலர் பரிசு அட்டை கொடுத்தார்கள். இதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் பெரும்பாலான உயர்நிலை மாணவர்களுக்குப் பள்ளியின் மஞ்சள் பஸ் இல்லை, டவுன் பஸ்தான். ஜனவரி இருட்டில், பனிக்குள் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கண்ணோடு பாருங்கள். ஒரு பஸ் வரவில்லையென்றால் முதல் பீரியட் போயிற்று. கொடுக்கட்டும். கூடவே பஸ்ஸையும் சரிசெய்யட்டும்.

கேள்வி (கேன்டன் நகரிலிருந்து ஒரு தம்பி): வார இறுதியில் நேரம் இருக்கிறது அக்கா. நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும் தம்பி. டிஸ்ட்ரிக்டின் தன்னார்வலர் படிவத்தை முதலில் நிரப்புங்கள். பின்னணிச் சோதனை முடியச் சில வாரம் ஆகும். வாசிப்புத் துணையாகப் பெயர் கொடுங்கள். ஒரே பிள்ளை, வாரம் ஒருமுறை, ஜூன் வரை, நடுவில் விடக்கூடாது. வார நாளில் மதிய உணவு நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் அப்போது பள்ளியிலேயே இருப்பார்கள். பழைய புத்தகங்களை மூட்டை கட்டிக் கொண்டுபோக வேண்டாம். பிள்ளை எதை வாசிக்க விரும்புகிறது என்று முதல் நாள் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் அந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் போங்கள்.