பாசி டப்பாவில் 'ஒமேகா'

கேள்வி: மீன் எண்ணெய் ஒத்துக்கொள்ளாததால் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி மாத்திரைக்கு மாறினேன். அதற்கு இது ஈடாகுமா?

பதில்: ஆகாது. மீன் எண்ணெயின் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இரண்டும் இதில் இல்லை என்றே சொல்லலாம்.

கேள்வி: காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நிறைந்த ஸ்பைருலினா என்று சொல்லி, சாதாரணத் தூளைப் போல இரண்டு மடங்கு விலை வாங்கிவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த அமிலம் ஸ்பைருலினாவில் இருப்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் விற்கிறார்கள். 'கொழுப்பு அமிலங்களில் 20 சதவீதம்' என்று பெருமை பேசும் டப்பா ஒன்று என் அலமாரியிலும் பாதி தீராமல் கிடக்கிறது. எதில் 20 சதவீதம் என்று பாருங்கள். விதைகளைப் போல எண்ணெய் சேர்த்துவைக்கும் உயிர் அல்ல இது. இருக்கும் கொழுப்பும் பெரும்பாலும் ஒளிச்சேர்க்கை நடக்கும் சவ்வுகளில்தான். உலர்ந்த தூளில் மொத்தக் கொழுப்பே ஏறக்குறைய 5 முதல் 8 சதவீதம். அதில் முதலிடம் பால்மிட்டிக் அமிலத்துக்கு. பாமாயிலில் ஏராளமாக இருக்கும் அதே நிறைவுற்ற கொழுப்பு. நீங்கள் காசு கொடுத்த அமிலமோ தூளின் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம். தினமும் 3 கிராம் விழுங்கினால் 30 மில்லிகிராம் கிடைக்கும். அதுவும் ஒமேகா-6, மீன் எண்ணெயின் ஒமேகா-3 அல்ல. 'ஒமேகா' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பின்னால் வரவேண்டிய 3, 6 என்ற எண்ணிக்கையை விழுங்கிவிடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு வேளை அளவில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிடாத டப்பாவைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

கேள்வி: 'பாசி எண்ணெய் டி.எச்.ஏ.' என்று விற்பதும் மோசடியா?

பதில்: இல்லை. அது பெரும்பாலும் ஸ்கைசோகைட்ரியம் போன்ற வேறு நுண்ணுயிரியிலிருந்து வருவது. நீலப்பச்சைப் பாசி அல்ல. உயிரியின் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அழகாக இருக்கிறதே என்று தூளைக் கண்ணாடிக் குடுவையில் ஜன்னலோரம் வைத்தேன். இப்போது சிக்கு வாடை அடிக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: எதற்காக மாற்றித் தரவேண்டும்? இரட்டைப் பிணைப்புகள் பல கொண்ட கொழுப்பு அமிலங்கள் வெளிச்சமும் காற்றும் பட்டால் கெடும். 'இருளில், குளிர்ந்த இடத்தில்' என்று உறையில் போட்டிருந்ததைப் படித்தீர்களா? தூளைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஏரியில் தானாக வளர்ந்த நீலப்பச்சைப் பாசியில் ஒமேகா-3 கூடுதலாமே?

பதில்: அஃபனிசோமினான் என்ற அந்த இனத்தில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 உண்டு. ஆனால் திறந்த ஏரியில் அள்ளும்போது, நஞ்சு சுரக்கும் வேறு இனங்களும் கூடவே வரலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கிளாமத் ஏரியிலிருந்து இது விற்பனைக்கு எடுக்கப்படுகிறது. கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சுக்கு அந்த மாநிலம் கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்று வரம்பே வைத்திருக்கிறது. நீங்கள் வாங்கும் அதே தொகுதியின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். 'இயற்கையானது' என்பதையே பதிலாகச் சொன்னால் வாங்காதீர்கள்.